ஆறு நிகழ்ச்சிகளும் ஒரு வாடகை வீடும்

சிங்காரவனம் பொழுதுபோக்குப் பூங்காவுக்குள் போகிறவர்கள் அன்று அங்கே நடக்கும் மேடை நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பார்க்காமல் விட்ட நிகழ்ச்சி அவர்களோடு வீட்டுக்கு வந்துவிடும். வந்தபின் தினமும் தன் நேரத்துக்குக் கூடத்தில் நடக்கும். குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை எழுந்திருக்காமல் பார்த்து முடித்தால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். இந்த விதி நுழைவுச்சீட்டின் பின்பக்கத்தில், வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்பதற்கும் ஈர உடையோடு ராட்டினம் ஏறக்கூடாது என்பதற்கும் நடுவில் தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கிறது.

வீட்டில் ஒரு விஷயத்தை நாற்பது நிமிடம் தொடர்ந்து பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பால் பொங்கும். குக்கர் கூவும். சிலிண்டர்காரர் வருவார். ஒன்றும் இல்லாவிட்டால் யாராவது வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போனார் என்று கேட்பார்கள்.

வேலூரில் பஸ் டெப்போவில் கால அட்டவணை எழுதும் அழகேசனின் வீட்டில் முன்பு ஒரு பாண்டு வாத்தியக் குழு இருந்தது. முதல்முறை சிங்காரவனம் போனபோது ஐந்து நிமிட வித்தியாசத்தில் தவறவிட்டது. பதினோரு பேர். நல்ல மனிதர்கள். வெங்காயம் உரித்துக் கொடுப்பார்கள். பெரிய டிரம் அடிப்பவர் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை நினைவு வைத்திருந்து எல்லோரையும் எழுப்பிவிடுவார். ஆனால் தினமும் மாலை நான்கு மணிக்குப் படுக்கையறையில் தொடங்கி அடுப்படி வரை அணிவகுத்துப் போய்த் திரும்புவார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கடையடைப்பு நாளில், மின்சாரமும் இல்லாத வேளையில், குடும்பம் அவர்களை முழுசாகப் பார்த்து முடித்தது. பதினோரு பேரும் கண் கலங்கி விடைபெற்றார்கள். அதற்குள் வீட்டுக்காரர் வேறு குடித்தனம் பேசி வைத்திருந்தார்.

புது வீடு கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. போன இடத்திலெல்லாம், எத்தனை பேர், மாற்றல் வருமா என்பதற்கு முன்னால், “வீட்ல ஷோ ஏதாவது உண்டா?” என்றுதான் கேட்டார்கள். கடைசியில் ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஞானசௌந்தரி அம்மாள் தன் வீட்டு மாடியைக் கொடுத்தார்.

“நாய் கூட வளத்துக்குங்க. ஷோ மட்டும் வேணாம். வந்துச்சுன்னா அன்னிக்கே சாவியைக் குடுத்துடணும்” என்று சொல்லி, அதையே எழுதியும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த மாடியில் இரண்டு பக்கமும் ஜன்னல். தையல் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அழகேசனின் மனைவி மரகதம், குடிவந்த முதல் நாள் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு ஆறேழு தடவை சும்மா நடந்து பார்த்தாள். இனி வீடு மாறுவதென்றால் தான் வரப்போவதில்லை, சாமான்கள் மட்டும் போகட்டும் என்று அன்றே அறிவித்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் டெப்போவில் அந்த வருடத்தின் சிறந்த கால அட்டவணைக்கான பரிசு அழகேசனுக்குக் கிடைத்தது. பரிசு, சிங்காரவனத்துக்கு மூன்று பேர் போகும் குடும்பச் சீட்டு.

“வேணாம்னு சொல்லிடுங்களேன்” என்றாள் மரகதம்.

“டைம் டேபிள் போட்டதுக்குக் குடுத்த பரிசை, டைம் பத்தாதுன்னு திருப்பிக் குடுக்கவா? நாளைக்கு என் அட்டவணைல எந்த டிரைவர் வண்டி எடுப்பான்?”

மூன்றாவது ஆள் மரகதத்தின் அப்பா பொன்னம்பலம். ரயிலில் முப்பத்தியோரு வருடம் கார்டாக இருந்தவர். பஸ்களுக்கும் கால அட்டவணை உண்டு என்பதை அவர் ஒரு கொள்கையாக ஏற்றுக்கொண்டதில்லை.

“மாப்ள, பஸ்ஸுக்கு நீங்க எழுதறது டைம் டேபிள் இல்ல. ஆசை” என்பார்.

அன்று சிங்காரவனத்தில் ஆறு நிகழ்ச்சிகள். பத்தரைக்குக் கடல்சிங்கம். பதினொன்றரைக்கு மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள். பன்னிரண்டரைக்கு நெருப்பு நடனம். ஒன்றரைக்குக் கிளிகளின் சைக்கிள் சாகசம், இது நாலரைக்கு மறுபடியும் உண்டு. மூன்றுக்கு மாயாஜாலம். நாலரைக்குப் பேசும் பொம்மை. ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். முழுசாகப் பார்த்தவர்களின் மணிக்கட்டில் வாசலில் ஒரு முத்திரை குத்துவார்கள்.

அழகேசன் ஒரு முழுத் தாளில் அட்டவணை போட்டான். ஒரு அரங்கிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் நேரம், மாமனாரின் முழங்காலுக்கான கூடுதல் நேரம், கழிப்பறைக்கு ஐந்து நிமிடம், போண்டாவுக்கு நான்கு நிமிடம் என்று எல்லாம் அதில் இருந்தது. மாற்று ஏற்பாடு என்று ஒரு கட்டம் போட்டு அதைக் காலியாக விட்டிருந்தான். நல்ல அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும் என்பது அவன் கட்சி.

பஸ்ஸில் போகும்போதே பொன்னம்பலம் கடல்சிங்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

“எனக்கும் பகல்ல பேச்சுத் துணையா இருக்கும்.”

“அதுக்கு ஒரு நாளைக்கு நாப்பது கிலோ மீன் வேணும்ப்பா” என்றாள் மரகதம்.

“நான் வாங்கிட்டு வரேனே. சும்மாதானே இருக்கேன்.”

“ஒண்ணும் விடக்கூடாது” என்றான் அழகேசன். “ஆறையும் பாக்கறோம், ஆறு முத்திரை வாங்கறோம், வெறுங்கையோட வீட்டுக்குப் போறோம்.”

முதல் மூன்றும் அட்டவணைப்படியே நடந்தன. கடல்சிங்கத்தின்போது பொன்னம்பலம் தூங்கிவிட்டார். முத்திரை குத்தும் அம்மாள் அவரை மட்டும் நிறுத்தி, பந்து எத்தனை முறை கீழே விழுந்தது என்று கேட்டார். “மூணு. மூணாவது தடவை அதும் மேல தப்பில்ல” என்றார் பொன்னம்பலம். ஓடும் வண்டியில் தூங்கிக்கொண்டே பாலங்களை எண்ணிப் பழகியவர். முத்திரை கிடைத்தது.

தவறு பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் நடந்தது. கிளி அரங்கம் பூங்காவின் கோடியில் இருந்தது, சீக்கிரம் நிரம்பிவிடும் என்று கேள்வி. அழகேசன் இடைப்பட்ட நேரத்தில் ஒரே ஓட்டமாக ஓடி, இரண்டாவது வரிசையில் மூன்று நாற்காலிகளில் மூன்று கைக்குட்டைகளைப் போட்டுவிட்டு வந்தான். நிற்காத பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் போட்டாலும் கர்சீப் போட்ட இடம் போட்டவருடையது, அவர் வந்து உட்காரும் வரை அது அவருக்காகக் காத்திருக்கும். வேலூர் பஸ் நிலையத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் இரண்டு கருத்து கிடையாது.

அந்தத் தைரியத்தில்தான் அவன் நெருப்பு நடனம் முடிந்ததும் மாமனாரை மூன்றாவது போண்டா சாப்பிட அனுமதித்தான். கிளி அரங்கத்தை அவர்கள் அடைந்தபோது மணி ஒன்று முப்பத்தாறு. கதவு மூடியிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால் இரண்டாவது வரிசையில் மூன்று கைக்குட்டைகளும் நாற்காலி முதுகில் சாய்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டு பத்துக்குக் கதவு திறந்தது. முத்திரை குத்தும் இளைஞர் மூன்று கைக்குட்டைகளையும் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றின் மூலையிலும் முத்திரை இருந்தது. மரகதத்தின் கைக்குட்டை மட்டும் நனைந்திருந்தது.

“கடைசில வயசான கிளி ஒண்ணு தனியா ஓட்டும் சார். அந்த இடத்துல அழுதுடுச்சு” என்றார் இளைஞர்.

“அப்ப எங்களுக்கு ஆச்சுதானே? கர்சீப் எங்களுதுதான்” என்றான் அழகேசன்.

“கர்சீப் பாத்தது கர்சீப் கணக்குல சார். உங்க கை சும்மாத்தானே இருக்கு.”

அழகேசன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அதில் மூன்றுதான் இருந்தன. பிறகு அட்டவணையைப் பார்த்தான். கிளிகள் மறுபடியும் வரும் நாலரை மணிக் கட்டத்தில் பேசும் பொம்மை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

மூவரும் வந்த வழியே திரும்பி, போண்டாக் கடையை நோக்கி நடந்தார்கள். அதற்கு எதிரே வந்ததும் மரகதம் நின்றாள்.

“நாலரைக்கு ஒண்ணைத்தான் பாக்க முடியும்.”

“ஆமா.”

“இன்னொண்ணு வீட்டுக்கு வரும்.”

“வரும்.”

“வந்தா சாவி போகும். ரெண்டு ஜன்னலும் போகும். அப்புறம் நான் வெயில்ல ஏழு மாசம் ‘டு லெட்’ போர்டு பாத்துக்கிட்டு அலையணும். கர்சீப்பை நம்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன் பாருங்க.”

“கர்சீப் மேல தப்பில்ல. மூணாவது போண்டா மேல தப்பு.”

“பசிச்ச மனுஷன் சாப்ட்டான்” என்றார் பொன்னம்பலம். “போண்டாவுக்கு நாலு நிமிஷம் போட்டிருக்கீங்களே, அது எண்ணெய்ல வேகவே நாலு நிமிஷம் ஆகும். ரயில்ல இந்தக் கர்சீப்புக்கெல்லாம் மதிப்பு கிடையாது மாப்ள. பேர் எழுதி சார்ட்டுல ஒட்டணும்.”

“முன்பதிவு இல்லாத பெட்டில?”

“அங்க துண்டு போடுவாங்க. துண்டு வேற, கர்சீப் வேற.”

இதற்குள் பத்துப் பதினைந்து பேர் நின்றுவிட்டார்கள். அழகேசன் அவர்களைக் கவனிக்கவில்லை. எதை விடுவது என்பதில் அவன் புத்தி போயிருந்தது.

“கிளியை விட்டா, வளக்கறோம்னு சொல்லிடலாம். நாய்க்கே அனுமதி குடுத்தாங்களே.”

“வளக்கற கிளி சைக்கிள் ஓட்டாது” என்றாள் மரகதம். “பன்னெண்டு சைக்கிளையும் எங்க நிறுத்துவீங்க? ஓனரம்மா ஸ்கூட்டர் பக்கத்துலயா?”

“அப்ப பொம்மையை விடுவோம். பொம்மைக்காரர் ஒரே ஆள். தூரத்துச் சொந்தம்னு சொல்லிடலாம்.”

“பொம்மையை?”

“தூரத்துச் சொந்தத்தோட மகன்னு...”

“அந்தப் பொம்மைக்கு வாய் நிக்காதுங்க. அந்தம்மா படி ஏறி வரும்போதே ‘வாங்க வாங்க, நான்தான் ஷோ’ன்னு சொல்லிடும்.”

கூட்டம் சிரித்தது. பின்னால் இருந்த ஒருவர், “சார், கொஞ்சம் இடது பக்கமா நகருங்க, தூண் மறைக்குது” என்றார். அழகேசன் நகர்ந்துகொண்டான். யாரோ நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். முன்வரிசையில் குழந்தைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. பூங்கா ஊழியர் ஒருவர் ஒரு சின்னக் கரும்பலகையைக் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்துவிட்டுப் போனார்.

“முப்பத்தியோரு வருஷம்” என்று பொன்னம்பலம் குரலை உயர்த்தினார். “நான் பச்சைக் கொடி காட்டாம வண்டி ஒரு இஞ்சு நகர்ந்ததில்ல!” கையில் கொடி இல்லாததால் முத்திரை குத்திய கைக்குட்டை ஒன்றை எடுத்து ஆட்டினார்.

“இன்னிக்கும் அதுதான் நடந்துச்சு. நீங்க நகரவே இல்ல” என்றான் அழகேசன்.

இங்கே கைதட்டல் சிறிது நேரம் நீடித்தது.

கடைசியில் முடிவெடுத்தவள் மரகதம்தான். கிளிகள் இரவில் தூங்கிவிடும், பொம்மை தூங்குமா என்று தெரியாது. ஆகவே பொம்மையைப் பார்த்து முடித்துவிடுவது, கிளிகளை வீட்டுக்கு ஏற்பது, அன்றைக்கே ஞானசௌந்தரி அம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிடுவது. கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பொன்னம்பலம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “ரெண்டு அம்பத்தஞ்சு” என்றார். எல்லோரும் எழுந்து கலைந்தார்கள்.

மாயாஜாலத்தையும் பேசும் பொம்மையையும் அவர்கள் முழுசாகப் பார்த்தார்கள். மாயாஜாலக்காரர் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் வைத்து மூன்றாக அறுத்தபோது மரகதம் ஜன்னல்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தேகாலுக்கு வெளிவாசலில் கிளிகள் தயாராக நின்றன. பன்னிரண்டும் தத்தம் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியிருந்தன. பயிற்சியாளர் ஒரு பாய்ச்சுருளும் ஒரு மூட்டை மிளகாய்ப் பழமும் வைத்திருந்தார். “ஒரு ஓரமா இருந்துக்குவோங்கய்யா” என்றார்.

வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மூவரின் மணிக்கட்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கிளி பாக்கி.”

“ஆமாங்க” என்றான் அழகேசன்.

அவர் விலாசத்தை எழுதிக்கொண்டார். “எத்தனாவது மாடி?”

“மொதல் மாடி.”

“சைக்கிள் ஏத்தச் சரிவு இருக்கா?”

“படிதான்.”

“தூக்கிட்டுப் போகும். பழக்கம்தான்.” பெயர்களை எழுதத் தொடங்கியவர், பேனாவை நிறுத்தி, பதிவேட்டில் பின்பக்கம் புரட்டினார். “அழகேசன், மரகதம், பொன்னம்பலம். நீங்கதானே ரெண்டே கால் ஷோ?”

“எது?”

“போண்டாக் கடை எதிர்ல. தலைப்பு ‘கர்சீப்’. நாப்பது நிமிஷம். ஏழாவது நிகழ்ச்சியாப் பதிவாயிருக்கு. பாத்தவங்க நூத்தி எழுபத்தாறு பேர். முழுசாப் பாக்காதவங்க ஒரே குடும்பம். தாராபுரம்.”

அந்தக் குடும்பம் சற்றுத் தள்ளி வேனுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. செண்பகவல்லி என்ற பெண்மணியும் அவள் கணவர் நாச்சிமுத்துவும். செண்பகவல்லி வருத்தத்தோடு முன்னால் வந்தாள்.

“பஞ்சுமிட்டாய் வாங்கப் போயிட்டனுங்க. திரும்பி வாரதுக்குள்ள பெரியவரு கொடி காட்டி முடிச்சுப்போட்டாருங்க. அதுதான் நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கொ.”

“சரி, கிளிகள்?” என்று பயிற்சியாளர் கேட்டார்.

பதிவேட்டு அம்மாள் யோசிக்கவே இல்லை. “நிகழ்ச்சி பார்வையாளரோடதான் போகும். நிகழ்ச்சியோட நிகழ்ச்சி போறது கிடையாது. இவங்க இப்பப் பார்வையாளர் இல்ல.” எழுதிய வேலூர் விலாசத்தை அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு போட்டு அடித்தார்.

“அப்ப எங்க வீட்டுக்கு எந்த ஷோவும் வராது?” என்று அழகேசன் உறுதிப்படுத்திக்கொண்டான்.

“வராது. நீங்களும் போக மாட்டீங்க.”

மரகதம் சாவியைக் கைப்பைக்குள் திரும்பப் போட்டாள். “சாவி போகாது” என்றாள். கிளிகள் ஒவ்வொன்றாக மணியடித்துவிட்டு அரங்கத்தைப் பார்க்கத் திரும்பின. பொன்னம்பலம் அவற்றுக்குக் கைக்குட்டையை ஆட்டி வழியனுப்பினார்.

ஐந்து பேரும் தாராபுரம் வேனில் ஏறியதும் நாச்சிமுத்து முதல்முறையாக வாயைத் திறந்தார். “மேசை நாற்காலி ஏதாச்சும் வேணுங்களா?”

“ஒரு தூண் இருந்தா நல்லது” என்றான் அழகேசன். “இடது பக்கம் நகர்ந்து பழகிடுச்சு.”

“திங்க ஏதாச்சும் வேணுங்களா?” என்றாள் செண்பகவல்லி.

“போண்டா” என்றார் பொன்னம்பலம். “எனக்காக இல்லம்மா. காட்சிக்கு வேணும். மூணு.”

தாராபுரத்தில் நல்ல வீடு. அறைகள் பெரியவை, கூடத்தில் தூணும் இருந்தது. தினமும் இரண்டேகாலுக்கு நிகழ்ச்சி தொடங்கும். செண்பகவல்லியும் நாச்சிமுத்துவும் ஒவ்வொரு நாளும் இன்றைக்கு எழுந்திருக்கக்கூடாது என்ற தீர்மானத்தோடுதான் உட்கார்ந்தார்கள். பொன்னம்பலம் குரலை உயர்த்தும் நேரம் பார்த்துச் சரியாகக் குக்கர் கூவும். இல்லையென்றால் தேங்காய் வியாபாரி வருவார். ஒரு நாள் எதுவுமே நடக்கவில்லை. அன்று நாச்சிமுத்துவே, இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, என்ன ஆயிற்று என்று பார்க்க எழுந்து போய்விட்டார்.

“மெதுவாப் பாருங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்பாள் மரகதம்.

அழகேசனை டெப்போவில் வெளிப்பணி என்று குறித்துக்கொண்டார்கள். அட்டவணைகளைத் தபாலில் அனுப்பினான். மாலையில் தாராபுரம் பஸ் நிலையத்துக்குப் போய் வெறுமனே நின்று, எந்த வண்டி எத்தனை நிமிடம் பின்தங்கி வருகிறது என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். மரகதம் அந்தத் தெருவில் ஏழெட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லிக்கொடுத்தாள். மாமனாரும் மாப்பிள்ளையும் காலை வேளைகளில் மிகுந்த பிரியத்தோடு இருந்தார்கள். எல்லாக் கசப்பையும் இரண்டேகாலுக்காக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. சரக்கு குறையும் நாட்களில் பொன்னம்பலம் மத்தியானச் சாப்பாட்டின்போதே, “மாப்ள, இன்னிக்கு ஏதாவது தப்பு பண்ணுங்க” என்று மெல்ல நினைவுபடுத்துவார்.

மூன்று மாதம் கழித்து ஞானசௌந்தரி அம்மாள் போன் செய்தார். “மாடில குடித்தனம் இருக்கறதே தெரியலைங்க. இந்த மாதிரி அமைதியான மனுஷங்க கிடைக்கிறது கஷ்டம்” என்று சொல்லி, ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித் தபாலில் அனுப்பினார். சாமான்கள் வேலூரில் சௌக்கியமாக இருந்தன. மரகதம் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மூன்று பேர் கையெழுத்தையும் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எதிர்வீடே நிகழ்ச்சி பார்க்க வந்தது. வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு. தெருவைக் கடந்து, வாசலில் மற்றவர்களின் செருப்புகளுக்குப் பக்கத்தில் தன் இரும்புக் கேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, யாருக்கும் மறைக்காதபடி கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தது. குக்கர் கூவியது, செண்பகவல்லி எழுந்து போனாள், நாச்சிமுத்துவும் பின்னாலேயே போனார். அது மட்டும் நாற்பது நிமிடமும் அசையாமல் பார்த்தது. ஆனால் வீடு பார்த்தது வீட்டுக் கணக்கில், குடும்பத்தின் பாக்கி அப்படியே இருந்தது. கொடி காட்டும் இடத்தில் அதன் கூரையிலிருந்து இரண்டு ஓடுகள் நழுவின.

முடிந்ததும் மரகதம் அதற்கும் ஒரு டம்ளர் காப்பி கொண்டுபோய் வைத்தாள். சர்க்கரை போட்டதா என்று கேட்டது. போட்டதுதான் என்றாள். அப்படியானால் பாதி போதும் என்றது.